செய்வினைக்குத்தான் பயப்பட வேண்டும்

செயப்பாட்டு வினையின் மேல் இப்போது எல்லோருக்கும் கோபம். எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் அதைக் கண்ட இடத்தில் வெட்டு என்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கடிதம் தட்டினால் அது தானாகவே கோடு போட்டு, வாக்கியத்தைத் திருப்பிப் போடு என்கிறது. ‘படும்’, ‘பட்டது’ எல்லாம் இங்கிலீஷ்காரன் விட்டுப்போன எச்சில், நல்ல தமிழுக்கு ஆகாது என்று சொல்கிற தமிழன்பர்களும் உண்டு.

இவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். செயப்பாட்டு வினை செய்தவனை ஒளித்து வைக்கிறது. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றால் யார் எடுப்பார்? ‘தவறு இழைக்கப்பட்டது’ என்றால் யார் இழைத்தார்? அது கோழையின் வினை, அதிகாரியின் வினை. நேர்மையானவன் செய்வினையில் எழுதுவான். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஆங்கில உரைநடை பற்றி எழுதிய கட்டுரையில் ஆறு விதிகள் போட்டார். செய்வினையில் சொல்ல முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்பது அதில் ஒன்று. அன்றிலிருந்து அது வேதவாக்காகிவிட்டது.

சமீபத்தில் இந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் ஸ்பானிஷ் மொழியைச் சாட்சிக்கு அழைத்தார். “ஸ்பானிஷ் பேசுகிறவன் செயப்பாட்டு வினையைத் தொடுவதே இல்லை சார். எல்லாமே நேரடி. எவ்வளவு நேர்மையான மொழி பாருங்கள்” என்றார். பிரெஞ்சில் படித்தவனுக்கு ஸ்பானிஷ் பக்கத்து வீடு மாதிரி. ஓய்வு பெற்ற பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கூப்பிட்ட சாட்சியை நானே குறுக்கு விசாரணை செய்கிறேன். அது அவர் பக்கம் பேசாது.

முதலில் இலக்கணம், சுருக்கமாக. ஸ்பானிஷில் பள்ளிக்கூடச் செயப்பாட்டு வினை ஒன்று உண்டு. ‘லா காசா ஃபூயே கொன்ஸ்த்ரூயிதா போர் மி அபுவேலோ’ என்றால் ‘வீடு என் தாத்தாவால் கட்டப்பட்டது’. ‘ஃபூயே’ என்பது ‘ஸேர்’ என்ற துணைவினையின் இறந்தகாலம். ‘போர்’ என்பது நம் ‘ஆல்’ உருபு. இது சரித்திரப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் நிறைய வரும், வாய்ப்பேச்சில் குறைவு. அது வரை நண்பர் சொன்னது சரி.

ஆனால் பேச்சில் அதற்குப் பதிலாக என்ன வருகிறது? ஒன்று, ‘ஸே’ போட்ட வாக்கியம். ‘ஸே வெந்தென் காசாஸ்’: வீடுகள் விற்பனைக்கு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் வீடுகள் தம்மைத் தாமே விற்றுக்கொள்கின்றன! விற்கிறவன் வாக்கியத்திலேயே இல்லை. இன்னொன்று, ஆள் சொல்லாத பன்மை. ‘திசென்’ என்றால் ‘சொல்கிறார்கள்’. யார் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் ‘பேசிக்கிறாங்க’ என்கிறோமே, அதேதான். இரண்டுமே வடிவத்தில் செய்வினைதான். இரண்டிலும் செய்தவன் பெயர் கிடையாது. ஆக, செயப்பாட்டு வினையைத் தொடாத மொழி நேர்மையான மொழி என்ற வாதம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிட்டது. செய்தவனை ஒளிக்க வேண்டுமானால் செய்வினையே போதும்.

நமக்கும் இது புதிதல்ல. திண்ணையை யாரோ மெழுக, திண்ணை மெழுகிற்று என்று சொல்வது தமிழ் வழக்கு. தொல்காப்பியரே இந்த மாதிரிப் பேச்சை மரபு என்று ஒப்புக்கொண்டார், உரைகாரர்கள் உதாரணம் காட்டினார்கள். மெழுகின பெண்பிள்ளையின் பேர் இரண்டாயிரம் வருஷமாக நமக்குத் தெரியாது. இதற்கு எந்த இங்கிலீஷ்காரனைப் பழி சொல்வது?

ஸ்பானிஷ்காரர்கள் மேல் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு பழி உண்டு. கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் விழுந்தால் அவர்கள் ‘ஸே மே கயோ எல் வாஸோ’ என்பார்கள். ‘எனக்குத் தம்ளர் விழுந்துவிட்டது’ என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் ‘நான் போட்டுவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்வது மரியாதை. அதனால் ஸ்பானிஷ்காரன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவன் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அபாண்டம். வேண்டுமென்று போட்டு உடைத்தால் அவர்களும் ‘உடைத்தேன்’ என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படித்தான்: கை தவறினால் ‘உடைஞ்சு போச்சு’, கோபத்தில் எறிந்தால் ‘உடைச்சுட்டான்’. வேண்டுமென்று செய்ததையும் தவறி நடந்ததையும் வேறு வேறு வினையால் சொல்வது ஒரு மொழிக்குப் பெருமையே தவிர குற்றமில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், வேண்டுமென்று செய்த ஒன்றுக்குத் தானாக நடந்ததன் வினையை மாட்டிவிடும்போது. அதைச் செய்ய செயப்பாட்டு வினை உதவாது. ஏன் என்பதை எங்கள் காலத்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பயிற்சி ஒன்றால் காட்டலாம்.

வாத்தியார் கரும்பலகையில் ஒரு செயப்பாட்டு வாக்கியம் எழுதுவார். அதைச் செய்வினையாக மாற்ற வேண்டும். செய்தவன் பெயர் வாக்கியத்தில் இருந்தால் அவனை எழுவாயாக்க வேண்டும். இல்லாவிட்டால்? ‘ஓன்’ என்ற சின்னச் சொல்லைப் போட வேண்டும். ‘யாரோ ஒருவர்’ என்று அர்த்தம். ‘கதவு மூடப்பட்டது’ என்றால் ‘ஓன்’ கதவை மூடினார். மார்க் உண்டு. இந்தப் பயிற்சி ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவன் பெயர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் செய்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும். ‘ஆல்’ வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

‘கதவு மூடிக்கொண்டது’ என்று எழுதினால் வாத்தியார் என்ன மாற்றச் சொல்வார்? மாற்ற ஒன்றுமில்லை. அதில் யாராலும் என்ற கேள்விக்கே இடம் கிடையாது.

அலுவலக பாஷையில் சொன்னால் சட்டென்று விளங்கும். செயப்பாட்டு வினை என்பது பணியிடம் காலி. உத்தரவு போட்டு அனுமதித்த பணியிடம், ஆள்தான் இல்லை. கேட்டால் நிரப்பியாக வேண்டும். ‘விழுந்தது’, ‘மூடிக்கொண்டது’, ‘இறந்தார்’, ‘காணாமல் போனார்’ என்பதெல்லாம் பணியிடத்தையே ரத்து செய்தது. மனுப் போட்டாலும் பயனில்லை.

இப்போது ஸ்பானிஷ் நாடுகளின் சரித்திரத்துக்கு வருகிறேன். இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது, கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1936 ஆகஸ்டில், கிரனாதா நகருக்கு வெளியே கொண்டுபோய் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தது ஃபிராங்கோ பக்கத்து ஆட்கள். உடல் இன்று வரை கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டாலும் குடும்பத்துக்குச் சான்றிதழ் வேண்டுமே. 1940இல் கிரனாதாவில் இறப்புப் பதிவு நடந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? போர்ச் செயலால் உண்டான காயங்களின் விளைவாக 1936 ஆகஸ்டில் ‘ஃபயேஸியோ’, அதாவது ‘காலமானார்’. சுத்தமான செய்வினை. எழுவாய் லோர்கா. காலமான காரியத்தைச் செய்தவர் லோர்காவேதான். காயங்களுக்கு மட்டும் ஒரு ‘ஆல்’ போட்டிருக்கிறார்கள். அந்த நாற்காலியில் மனுஷன் இல்லை, ‘போர்ச் செயல்’ உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கு ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது ‘ஃபூயே ஃபூஸிலாதோ’: சுட்டுக் கொல்லப்பட்டார். செயப்பாட்டு வினை. எது உண்மை பேசுகிறது? செய்வினையில் எழுதிய சான்றிதழா, செயப்பாட்டு வினையில் எழுதிய பாடப் புத்தகமா? செயப்பாட்டு வினை கோழையின் வினை என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இரண்டாவது உதாரணம் அர்ஜென்டினா. 1976 மார்ச் 24ஆம் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர் வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் ராத்திரியில் வீட்டுக்கு வந்து, எண் இல்லாத கார்களில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், கர்ப்பிணிப் பெண்கள். ரகசிய முகாம்களில் சித்திரவதை செய்து கொன்றார்கள். பலரை மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து உயிரோடு ஆற்றிலும் கடலிலும் தள்ளினார்கள். பெற்றோர் போலீஸ் நிலையத்துக்கும் அமைச்சகத்துக்கும் அலைந்தால் கிடைத்த பதில், அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்பதே. பிள்ளை ‘தெஸாபரேஸியோ’. காணாமல் போய்விட்டான்.

இந்த வினையைக் கவனியுங்கள். ‘தெஸாபரேஸேர்’, காணாமல் போதல், நம் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை. அதைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது. ‘ஆல்’ போட இடமில்லை. எழுவாய் காணாமல் போனவன்தான். செய்வினையில் எழுதினால் செய்தவன் தெரிவான் என்கிறார்களே, இங்கே செய்தவன் யார்? கடத்திக் கொண்டுபோன பிள்ளையே!

1979 டிசம்பரில் நிருபர்கள் கேட்டபோது ராணுவ ஆட்சித் தலைவர் விதேலா என்ன சொன்னார் என்பது உலகம் அறிந்தது. காணாமல் போனவர் இல்லாதவர், உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை, காணாமல் போன நிலையில் இருக்கிறார் என்றார். அவர் பயன்படுத்திய துணைவினை ‘எஸ்தா’. இங்கேதான் ஸ்பானிஷ் இலக்கணத்தின் நுட்பம் இருக்கிறது. அவர்களுக்கு ‘இரு’ என்பதற்கு இரண்டு வினை: ‘ஸேர்’, ‘எஸ்தார்’. கதவுக்கு ‘ஃபூயே’ போட்டால் ‘மூடப்பட்டது’, யாரோ வந்து மூடினார். ‘எஸ்தா’ போட்டால் ‘மூடியிருக்கிறது’. அது வெறும் நிலை. எப்போது, யார் மூடினார் என்ற பேச்சே இல்லை. விதேலா மனிதர்களை மூடியிருக்கிற கதவாக்கினார்.

இதற்குப் பதில் சொன்னவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்ல, தாய்மார்கள். 1977 ஏப்ரல் 30ஆம் தேதி பதினான்கு பெண்கள் புவேனஸ் அய்ரேஸ் நகரின் மாயோ சதுக்கத்தில், அதிபர் மாளிகைக்கு எதிரே கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்றது போலீஸ். சரி என்று இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். வாரா வாரம் வியாழக்கிழமை, தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு. அதே வருஷம் டிசம்பரில் அவர்களுடைய முன்னோடி அஸுஸேனா வியாஃப்ளோரையே தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குத் துணை நின்ற இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளையும் கொண்டுபோனார்கள்: அலிஸ் தொமோன், லெயோனி துக்கே. அந்த மாதமே கடலோரத்தில் ஒதுங்கிய உடல்களைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். அவற்றில் வியாஃப்ளோரும் துக்கேயும் இருந்தார்கள் என்பது 2005இல் எலும்புச் சோதனையில் உறுதியானது.

தாய்மார்களும் தோழர்களும் மொழிக்கு என்ன செய்தார்கள்? இலக்கணத்தை மீறினார்கள். காணாமல் ‘போதல்’ என்ற வினையை, காணாமல் ‘ஆக்குதல்’ என்று வலிந்து மாற்றினார்கள். ‘லோ தெஸாபரேஸியேரோன்’: அவனைக் காணாமல் ஆக்கினார்கள். ‘ஃபூயே தெஸாபரேஸிதோ’: அவன் காணாமல் ஆக்கப்பட்டான். ‘எஸ்தா’ இருந்த இடத்தில் ‘ஃபூயே’ வந்தது. ஒரே ஒரு துணைவினைதான் மாறியது. நிலை போய்ச் செயல் வந்தது. செயல் வந்தால் ‘போர்’ என்ற உருபுக்கு இடம் வருகிறது. இடம் வந்துவிட்டால், யாரால் என்று கேட்கலாம்.

கேட்டார்கள். ஜனநாயகம் திரும்பியதும் எழுத்தாளர் எர்னெஸ்தோ ஸாபாதோ தலைமையில் அமைந்த ஆணையம் 1984இல் 8,960 பேரைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. 1985இல் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை. இலக்கணம் தண்டனை வாங்கித் தந்தது என்று சொல்ல நான் பைத்தியக்காரனில்லை. ஆனால் ‘தெஸாபரேஸியோ’ என்ற செய்வினையோடு எல்லோரும் திருப்திப்பட்டிருந்தால் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆளே இருந்திருக்காது.

மெக்சிகோவிலும் இதே கதைதான். 2014 செப்டம்பர் 26 இரவு இகுவாலா நகரில் போலீஸ் பேருந்துகளை மறித்தது. அயோத்ஸினாபா ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் 43 பேர் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் தலைநகரின் ஸோகலோ சதுக்கத்துத் தரையில் ராட்சச எழுத்துகளில் மூன்று சொல் எழுதினார்கள்: ‘ஃபூயே எல் எஸ்தாதோ’. ‘அரசுதான்’ என்று அர்த்தம். செயப்பாட்டு வினை காலியாக வைத்திருந்த இடத்தில் மக்களே பெயரை எழுதிவிட்டார்கள்.

இதைப் படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கு இலங்கை ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அங்கே 2016இல் சட்டம் இயற்றி அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது ‘காணாமற்போன’. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்கள் சொல்வது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. ‘போன’ என்பதற்கும் ‘ஆக்கப்பட்ட’ என்பதற்கும் நடுவில்தான் அந்தத் தாய்மார்களின் வழக்கு முழுவதும் இருக்கிறது. ‘ஆக்கப்பட்ட’ என்பது நல்ல தமிழ் இல்லை, செய்வினையில் சொல்லுங்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்து எந்தத் தமிழன்பர் சொல்வார்? சர்வதேச உடன்படிக்கையும் இப்போது அவர்கள் பக்கம்தான் பேசுகிறது. 2006இல் ஐ.நா. ஏற்ற அந்த உடன்படிக்கை, அரசின் ஆட்களோ அரசின் அனுமதியோடு செய்கிறவர்களோ ஒருவரைப் பிடித்துவைத்துப் பிறகு இல்லை என்று மறுப்பதையே குற்றம் என்கிறது. அதாவது ‘ஆல்’ உருபின் இடம் சட்டத்திலேயே நிரம்பிவிட்டது.

எதிர்ப்பக்கத்து வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. ‘ஆவன செய்யப்படும்’ என்று கடிதம் எழுதி ஊரை ஏமாற்றுகிறதே அலுவலகம், அது செயப்பாட்டு வினைதானே? ஆமாம், அதேதான். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கடிதங்களுக்கு நடுவிலேதான் என் பிழைப்பு. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அதைச் செய்வினையாக்கிப் பாருங்கள். ‘துறை ஆவன செய்யும்.’ ‘அரசு பரிசீலிக்கும்.’ என்ன லாபம்? துறை என்ற பெயரில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. முன்பு காலியாகவாவது தெரிந்த நாற்காலியில் இப்போது ஒரு பொம்மையை உட்கார வைத்திருக்கிறோம். பார்க்கிறவன் ஆள் இருக்கிறது என்று நம்பித் திரும்பிப் போய்விடுவான். காலி நாற்காலியே மேல்.

‘எடுக்கப்படும்’ என்று வந்த கடிதத்தைப் பார்த்து, ‘யாரால், எந்தத் தேதிக்குள்?’ என்று பதில் எழுதலாம். நம் வயதுக்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். தகவல் உரிமைச் சட்டம் வந்த பிறகு அந்தக் கேள்விக்குச் சட்ட பலமும் கிடைத்தது. நான் பார்த்த வரைக்கும் அலுவலகங்கள் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான். ‘கோப்பு காணாமல் போய்விட்டது’ என்ற பதிலுக்கு மட்டும் யாராலும் மறுகேள்வி போட முடியவில்லை. கோப்புக்குக் கால் முளைத்துத் தானே நடந்து போய்விட்டது, பாவம்.

நம் செய்தித்தாள்களில் மாதம் தவறாமல் வரும் ஒரு தலைப்பும் இந்த ஜாதிதான்: ‘விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி’. கச்சிதமான செய்வினை. தாக்கியது விஷவாயு. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் தேடுவது வாயுவை அல்ல, இறக்கியவனை. ‘தொட்டிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளி சாவு’ என்று ஒரு ‘பட்ட’ போட்டுப் பாருங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்: இறக்கியது யார்?

பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லிச் செய்வினையிலேயே எழுதுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெயர் தெரியாதபோது, தெரிந்தும் சொல்லப் பயமாக இருக்கும்போது, ஏழைக்கும் எளியவனுக்கும் மிஞ்சியிருக்கும் ஒரே வினை செயப்பாட்டு வினைதான். ‘இதை எனக்கு யாரோ செய்தார்கள், அது யார் என்று கண்டுபிடி’ என்று அது சொல்கிறது. கோழையின் வினை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது ‘போச்சு’, ‘ஆச்சு’, ‘செத்தான்’ மட்டும்தான்.

செய்வினை என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு. வைத்தவன் யார் என்று கடைசி வரை தெரியாது, விழுந்தவன் மட்டும் படுத்துக் கிடப்பான். இலக்கணத்தில் பேர் வைத்தவர்கள் அதை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் கிரனாதா சான்றிதழையும் விதேலா பேச்சையும் படித்த பிறகு, பேர் ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.